அக்கா சொன்ன ‘ஆம்’

என் கட்டுரை திரும்பி வந்தபோது அதில் சிவப்பு மையில் ஒரே கேள்விதான் இருந்தது. பாராவுக்குப் பாரா அதே கேள்வி. ‘சியாப்பா காத்தா?’ யார் சொன்னது? தோசைக்கடை அக்கா ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார் என்று எழுதியிருந்தேன். யார் சொன்னது? அன்றைக்கு நல்ல மழை. யார் சொன்னது? மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. யார் சொன்னது? கடைசிப் பாராவில் சொற்கள்கூட இல்லை, வெறும் கேள்விக்குறி. எழுதி எழுதி விரிவுரையாளருக்குக் கை ஓய்ந்துபோயிருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. பொதுவாகவே என்னிடம் கோபத்துக்குப் பஞ்சமில்லை. யார் சொன்னது என்றால், அக்காதான் சொன்னார். இது அக்காவின் பேட்டி என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேனே, அப்புறம் என்ன கேள்வி?

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நான் அப்போது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தொடர்பியல், இதழியல், ஊடகம் எல்லாம் சேர்ந்த படிப்பு. என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில், வீட்டில் நிலைமை இன்னும் மோசம்.

“அப்ப டிவியில செய்தி வாசிப்பியா?” என்று அம்மா கேட்டார்.

“வாசிக்கிறது இல்லம்மா. எழுதுறது.”

“எழுதக் கத்துக்கிறதுக்கா இத்தன வருஷம்? நீதான் ஆறு வயசுலயே எழுதுனியே லா.”

வகுப்பிலும் தெளிவு பிறக்கவில்லை. முதலாண்டு முழுவதும் கட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்தோம். இந்தக் கட்டத்தில் இருப்பவர் செய்தியை அனுப்புவார், அந்தக் கட்டத்தில் இருப்பவர் பெற்றுக்கொள்வார், நடுவில் இரைச்சல் என்று ஒன்று வரும். இரைச்சல் என்றால் சத்தம் மட்டும் இல்லையாம், தப்பாகப் புரிந்துகொள்வதும் இரைச்சல்தானாம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து பரீட்சையில் தேறினேன். எதற்காக அந்தக் கட்டங்கள் என்று கடைசிவரை யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டாம் ஆண்டில்தான் எங்களை எழுத விட்டார்கள். துறையில் மாணவர்களே நடத்தும் பயிற்சிப் பத்திரிகை ஒன்று உண்டு. மலாயில் வரும். அதற்கு ஆளுக்கு ஒரு மனிதரைப் பேட்டி கண்டு கட்டுரை எழுத வேண்டும். வகுப்புத் தோழி ஒருத்தி மீனவர் ஒருவரைத் தேடி மெர்சிங் வரைக்கும் போனாள். எனக்கு அவ்வளவு தூரம் போகச் சோம்பல். நான் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக்குக் கீழே காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறும் தோசையும் விற்கும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்துவிட்டார். வளவளவென்று பேச மாட்டார். அவர் வளர்ந்த தோட்டம் எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரம்தான் என்று தெரிந்த நாளிலிருந்து என் பொட்டலத்தில் மட்டும் சம்பல் கொஞ்சம் தாராளமாக விழும். எனக்கும் அவருக்கும் அதுவரை இருந்த உறவு அவ்வளவுதான்.

பேட்டிக்கு உட்கார்ந்த பிறகுதான் அவருடைய சங்கதி தெரிந்தது. அவரிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. இந்த நாட்டிலேயே பிறந்தவர், ஒரு நாளும் எல்லையைத் தாண்டாதவர். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் குடிமகளும் இல்லை. தங்கியிருக்கலாம், அவ்வளவுதான். குடிமக்களுக்கான நீல ஐசி கேட்டு இரண்டு முறை மனுப் போட்டிருந்தார். இரண்டும் கிடைக்கவில்லை. இப்போது மூன்றாவது முறை போடப் போகிறார்.

இந்த முறை அவசரம் இருந்தது. அவருடைய ஒரே மகள், அப்பாவின் வழியில் நீல ஐசி கிடைத்தவள், சிங்கப்பூர்க்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருந்தாள். முழுகாமல் இருந்தாள். ஜொகூரில் எத்தனையோ பேர் காலையில் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விட்டுச் சாயந்தரம் வீடு திரும்புகிறார்கள். அக்காவால் ஒரு தடவைகூடத் தாண்ட முடியாது. நீல ஐசி இல்லாமல் பாஸ்போர்ட் ஏது?

“எம் பொண்ணு புள்ள பெக்குறப்ப நான் பக்கத்துல இருக்கணும் தங்கச்சி. அது ஒண்ணுதான். மத்தபடி எனக்குச் சிங்கப்பூர்ல என்னா வேலை?” என்றார்.

பிறந்த கதையைச் சொல்லச் சொன்னேன். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். அவர் சொன்னது இதுதான்.

“எங்கம்மா பால்மரம் வெட்டுனாங்க. நான் லயத்துலதான் பொறந்தேனாம். காலையில பெரட்டுக்குப் போயி பேரு குடுக்குறதுக்கு முன்னாடியே வலி வந்துருச்சாம். நல்ல மழையாம். மருத்துவச்சி வர்றதுக்குள்ள பொறந்துட்டேனாம். அப்புறமா கிராணி வந்து பேரு எழுதிக்கிட்டுப் போனாராம். தோட்டத்துக் கணக்கெல்லாம் அவருதானே எழுதுவாரு. என்னா எழுதுனாரோ, அந்தப் பொஸ்தகம் எங்க போச்சோ, யாருக்குத் தெரியும்?”

அக்காவுக்கு எட்டு வயதில் அம்மா போய்விட்டார். வளர்த்த அத்தையும் இப்போது இல்லை. தோட்டத்தை விற்று அந்த இடத்தில் தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், என்னிடம் பிறப்புப் பத்திரமும் இருக்கிறது, ஞானஸ்நானப் பத்திரமும் இருக்கிறது. அந்த நினைப்பில், “உங்க கோயில்ல எங்கயாச்சும் எழுதி வச்சிருக்க மாட்டாங்களா அக்கா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“எங்க கோயில்ல யாரு எழுதுறா? சாமிக்குத் தெரியும். சாமி வந்து ஐசி ஆபீஸ் கவுண்டர்ல நிக்குமா?” என்றார்.

இதைத்தான் மலாயில் எழுதிக் கொடுத்து, பாராவுக்குப் பாரா சிவப்புக் கேள்வி வாங்கினேன். கோபம் தணிந்த பிறகு பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அப்போதுதான் காதில் உறைத்தது. பொறந்தேனாம், வந்துருச்சாம், மழையாம், போனாராம். எல்லா இடத்திலும் ஒரு ‘ஆம்’. நான் பார்க்கவில்லை, எனக்குச் சொன்னார்கள் என்று அக்கா ஒவ்வொரு வாக்கியத்திலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான்தான் மலாயில் எழுதும்போது அந்த வால்களை எல்லாம் நறுக்கிப் போட்டுவிட்டு, அக்கா பிறந்தபோது பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றவள் போல எழுதியிருக்கிறேன். விரிவுரையாளர் கேட்டதில் தப்பே இல்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

சரி, ‘ஆம்’ என்பதற்கு மலாயில் ஒரு சொல் வேண்டும். யோசித்தேன். கிடைத்தது. கோனோன். தமிழ்ப் பள்ளியில் படித்த மலாய்க் கதைப் புத்தகங்களில் வரும் சொல். முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தானாம் என்பதற்கு அங்கே கோனோன் போட்டுத்தான் தொடங்குவார்கள். எவ்வளவு பொருத்தம்! அழகான சொல்லும்கூட. அக்கா ‘ஆம்’ போட்ட இடத்தில் எல்லாம் ஒரு கோனோன் போட்டேன். கோனோன் லயத்தில் பிறந்தார். கோனோன் அன்று மழை. கோனோன் எழுத்தர் வந்து பெயரைப் பதிந்துகொண்டார். படித்துப் பார்த்தேன். இலக்கியம் மாதிரி இருந்தது.

விரிவுரையாளருக்கும் பிடித்துவிட்டது. “இப்போதுதான் கட்டுரைக்கு ஒரு குரல் வந்திருக்கிறது. அந்தக் கிண்டல் நன்றாக வேலை செய்கிறது,” என்று மலாயில் சொன்னார். எந்தக் கிண்டல் என்று எனக்குப் புரியவில்லை. நல்ல மதிப்பெண் போட்டிருந்தார். மதிப்பெண் வந்த பிறகு அதைக் கிளறுவானேன் என்று நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பத்திரிகை அச்சாகி வந்ததும் ஐந்து பிரதிகளைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அவர் மலாய் சரளமாகப் பேசுவார், படிக்க வராது. பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. தன் படத்தைப் பார்த்து, “அலமாக், வயிறு தெரியுது பாரு,” என்றார். ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டார். மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். பத்திரிகையில் வந்துவிட்டால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறதல்லவா என்று அவர் கேட்டபோது நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை தோசை வாங்கப் போனேன். அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. பொட்டலத்தைக் கட்டி நீட்டினார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது கூப்பிட்டார்.

“நான் பொய் சொல்றேன்னு எழுதியிருக்கியா தங்கச்சி?”

“யாரு சொன்னா?” என்றுதான் கேட்டேன். என் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வந்தது.

“கவுண்டர்ல இருந்த பொண்ணு. நல்ல மாதிரிதான் பேசுனுச்சு. பேப்பர எடுத்துப் படிச்சுப் பாத்துட்டு, ஆன்ட்டி, எல்லா எடத்துலயும் கோனோன் கோனோன்னு போட்டிருக்கே, அப்ப நீங்க இங்க பொறக்கலையான்னு கேட்டுச்சு.”

“அது வந்து அக்கா, கோனோன்னா...”

“கோனோன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா? எங்க பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா தினம் சொல்லும். கோனோன் சாக்கித், கோனோன் பெனாட்னு. வேலைக்குப் போகாத அது புருசன.”

உடம்பு சரியில்லையாமே, அலுப்பாமே. அந்த அம்மாள் கணவரைச் சொல்லும் அதே தொனியில் நான் அக்காவின் பிறப்பை எழுதியிருக்கிறேன். புத்தகத்தில் மட்டும் மலாய் கற்றவளுக்கு, பக்கத்து வீட்டில் அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று தெரிந்திருக்கவில்லை. பெரிய பிறப்பாம், பெரிய மழையாம். ஒரு பக்கம் முழுக்க அதுதான். நடுத்தெருவில் நிற்பது போல வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அக்கா அடுத்த ஆளுக்குத் தோசை வார்க்கத் திரும்பிவிட்டார்.

நேராக விரிவுரையாளரிடம் போனேன். அவர் அதிர்ந்துபோனார். “நீ வேண்டுமென்று எழுதியதாக அல்லவா நினைத்தேன். ஏழைகள் எதைச் சொன்னாலும் மேலே இருப்பவர்கள் கோனோன் என்பார்களே, அதைக் குத்திக்காட்டுகிறாய் என்று நினைத்தேன்,” என்றார். நான் ‘ஆம்’ பற்றி விளக்கினேன்.

அவர் கேட்டார், “ஆம் என்றால் தமிழில் ‘ஆமாம்’ என்றுதானே அர்த்தம்?”

“அதுவும்தான் புவான்,” என்றேன். பெண் விரிவுரையாளர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

“அப்படியென்றால் அந்த அம்மா, ஆமாம் மழை பெய்தது என்கிறாரா, எனக்குத் தெரியாது, மழை பெய்ததாகச் சொல்கிறார்கள் என்கிறாரா?”

“ரெண்டாவது.”

“சந்தேகத்தோடு சொல்கிறாரா?”

“இல்லை. அவர் நம்புகிறார். ஆனால் சந்தேகத்தோடும் சொல்லலாம். கிண்டலாகவும் சொல்லலாம்.”

“இதில் எது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?”

பிறந்ததிலிருந்து பேசும் மொழி. கேட்டால் தெரியும், அவ்வளவுதான். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார். ‘மெனூருட் இபுஞா’, அதாவது அவருடைய அம்மா சொன்னபடி என்று போட்டுவிடு, யார் சொன்னது என்பதும் வந்துவிடும், கிண்டலும் போய்விடும் என்றார். இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே, ஏன் தோன்றவில்லை? அடுத்த இதழில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திருத்தம் வந்தது. கட்டுரையைப் படித்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்களோ, தெரியாது.

அந்த வாரம் அம்மாவோடு பேசும்போது, நான் எப்படிப் பிறந்தேன் என்று சும்மா கேட்டேன். “குளுவாங்ல பொறந்த. ரெண்டு நாளு என்னைப் படாத பாடு படுத்துன. வெளிய வந்ததும் கண்ண முழிச்சுப் பாத்த, அழுவல. உங்கப்பா பயந்துட்டாரு,” என்றார். ஒரு ‘ஆம்’ இல்லை. எப்படி இருக்கும்? அம்மா அங்கே இருந்தார். போனை வைத்த பிறகு எனக்குத் தலை இன்னும் குழம்பியது.

திருத்தத்தோடு ஒரு கடிதமும் எழுதிக் கொடுக்கிறேன் என்று அக்காவிடம் போனேன். அவருக்கு என் மேல் கோபம் குறைந்திருந்தது, அல்லது வேறு ஆள் இல்லை. என்னிடம் ஒரு யோசனை இருந்தது.

“அக்கா, இந்தத் தடவ ‘ஆம்’ போடாம சொல்லுங்க. நான் லயத்துல பொறந்தேன். அன்னைக்கு மழை பெஞ்சுச்சு. கிராணி எழுதுனாரு. அவ்வளவுதான். கேக்குறவங்களுக்குச் சந்தேகமே வராது.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “நான் லயத்துல பொறந்தேன்,” என்றார். “எங்கம்மாவுக்குக் காலையில வலி வந்துச்சு. அன்னைக்கு...” அங்கே நின்றுவிட்டார். மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் மழை வந்த இடத்தில் நின்றார்.

“மழைய நான் எங்க தங்கச்சி பாத்தேன்? பாக்காதத பாத்த மாதிரி சொன்னா அதுதானே பொய்யி?”

“சும்மா ஒரு பேச்சுக்குத்தான் அக்கா.”

“நீ கோனோன்னு எழுதுனதுக்கே எனக்கு அப்பிடி இருந்துச்சு. இப்ப நானே கோனோன் ஆவணுமா?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஒரு நீல அட்டைக்கு இவ்வளவு நியாயம் பார்க்க வேண்டுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் மகளுக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கிறது. அதே சமயம், இரண்டு வருடமாக வகுப்பில் எங்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. பார்த்ததைப் பார்த்ததாகச் சொல், கேட்டதைக் கேட்டதாகச் சொல். அதைப் படித்துப் பட்டம் வாங்கப் போகிற நான், அப்படியே செய்கிறவரை மாற்றிச் சொல்லச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். யார் பக்கம் நியாயம் என்று எனக்குள் ஒரு முடிவுக்கு வரவே முடியவில்லை.

கடைசியில் அக்கா சொன்னபடியே எழுதினேன். மறைந்த என் தாயார் சொன்னபடி நான் லயத்தில் பிறந்தேன். மறைந்த என் தாயார் சொன்னபடி அன்று மழை. இருவரும் சேர்ந்து போய்க் கொடுத்தோம். கவுண்டரில் இருந்தது அதே பெண்தான். கடிதத்தைப் பொறுமையாகப் படித்தாள். பிறந்ததை நேரில் பார்த்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றாள். அப்படி யாரும் உயிரோடு இல்லை என்று அக்கா சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள், நான் என் செருப்பைப் பார்த்தேன். தாள்களை வாங்கி முத்திரை குத்திக்கொண்டாள். பதில் வரும் என்றாள்.

முதலில் கொடுத்த கோப்பில் என் கட்டுரை இன்னும் இருந்ததா, திருத்தத்தைக் கட்டுரைக்கு மேலே வைத்தார்களா, அடியில் வைத்தார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. அந்தக் கோனோன் இல்லாமல் இருந்தால் நீல ஐசி அப்போதே கிடைத்திருக்குமா? எப்படி இருந்தாலும் கிடைத்திருக்காதா? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கவுண்டரும் இல்லை. படிப்பில் நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் கேள்வி கேட்பது. அதை யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

பதில் வரவில்லை. ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்கியது. தினமும் காலையில் கீழே இறங்கும்போது அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். வரவில்லை என்று அவர் தலையசைப்பார். பிறகு நானும் பார்ப்பதை விட்டுவிட்டேன், அவரும் அசைப்பதை விட்டுவிட்டார்.

ஒரு நாள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓட்டமும் நடையுமாகப் போனேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வாங்க வந்தவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் கைப்பேசியை நீட்டினார். திரையில் ஒரு சிவந்த குழந்தை, துணியில் சுற்றி.

“முடி பாத்தியா எவ்வளவுன்னு. கறுகறுன்னு இருக்கு. மூக்கு எம் புருசன் மூக்கு, அப்பிடியே இருக்கு,” என்றார்.

“எப்ப அக்கா?”

“இன்னைக்கு விடியக்காலையிலயாம். பொண்ணு ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாளாம். அம்மா அம்மான்னு கூப்பிட்டாளாம். மாப்பிள்ளை சொன்னாரு.” அக்கா கைப்பேசியைத் திரும்ப வாங்கி, முந்தானையால் திரையைத் துடைத்தார். “புள்ளயக் கையில வாங்குனது ஒரு நர்ஸாம். சீனப் பொண்ணாம். ரொம்ப நல்ல பொண்ணாம்.”